ச்சா-ச்சா-ச்சாவில் முதல் காலடி எந்தத் தட்டில் விழ வேண்டும்?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கணவனும் மனைவியுமாக வீட்டுக் கூடத்தில் வீடியோ பார்த்து ச்சா-ச்சா-ச்சா பழகுகிறார்கள். ஒரு வீடியோவில் வாத்தியார் "ஒன்று, இரண்டு, ச்சா-ச்சா-ச்சா" என்று எண்ணுகிறார். இன்னொன்றில் "இரண்டு, மூன்று, நாலு-அண்ட்-ஒன்று". எது சரி என்று தெரியாமல் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். கூடவே, இந்த நடனம் ஸ்பெயினிலிருந்து வந்ததா, மெக்சிகோவிலிருந்தா என்றும், அடிப்படை ஸ்டெப்பை எழுத்தில் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பாட்டின் எந்தத் தட்டில் முதல் காலடியை வைப்பது? அதற்குப் பதில் இந்த நடனம் பிறந்த கதையிலேயே இருக்கிறது. அதனால் கதையைச் சொல்லிவிட்டுக் காலுக்கு வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. சிங்கப்பூரில் சமூக மன்ற மாலை வகுப்புகளில் பதினாறு வருடமாக பால்ரூம் நடனமும் லத்தீன் நடனமும் சொல்லிக்கொடுக்கிறேன். கால், எடை, கவுண்ட் பற்றி நான் சொல்வதை நம்பி ஆடலாம். அது தினமும் கண்ணால் பார்ப்பது. வரலாறு என் துறை அல்ல. ஸ்பானிஷ் மொழியைத் தட்டுத் தடுமாறித்தான் படிப்பேன். அதனால் உறுதியானது எது, ஒரு தரப்பு சொல்வது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். ச்சா-ச்சா-ச்சா பிறந்தது கியூபாவில், ஹவானா நகரத்தில், 1950களின் தொடக்கத்தில். ஸ்பெயினும் இல்லை, மெக்சிகோவும் இல்லை. ஆனால் அது திடீரென்று முளைத்ததல்ல. கியூபாவின் மத்தான்சாஸ் நகரத்தில் 1879ஆம் ஆண்டின் முதல் நாள் மிகேல் ஃபாயில்தே என்பவரின் குழு 'தன்சோன்' என்ற வகை இசையை அரங்கேற்றியது. ஐரோப்பிய ஜோடி நடன இசையும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்த, நிதானமான, விசிறியோடு ஆடும் காலத்து நடனம் அது. அதை வாசிக்கப் பின்னாளில் 'சராங்கா' என்ற குழு அமைப்பு உருவானது: மரப் புல்லாங்குழல், வயலின்கள், பியானோ, பாஸ், டிம்பாலெஸ் என்ற இரட்டைத் தாளக்கருவி, 'குவீரோ' என்ற சுரைக்குடுவை. குவீரோவின் மேல் வரி வரியாகக் கீறியிருப்பார்கள், குச்சியால் அதைச் சுரண்டுவார்கள். இந்தச் சுரைக்குடுவையை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1930களின் கடைசியில் புல்லாங்குழல் கலைஞர் அந்தோனியோ அர்கான்யோவின் குழுவில் இருந்த ஓரெஸ்தெஸ் லோபெஸ், கச்சாவோ என்ற சகோதரர்கள் தன்சோனின் கடைசிப் பகுதியைச் சூடாக்கினார்கள். தாளத்தைத் தட்டுக்குத் தட்டு வைக்காமல் இடையிடையே தள்ளிப் போட்டார்கள். அந்தப் பகுதிதான் 'மாம்போ' என்ற பெயரை வாங்கிக்கொண்டது. காங்கா மேளமும் அந்தக் குழுவில் சேர்ந்தது. இசைக் கலைஞர்களுக்குக் கொண்டாட்டம், ஆடுகிறவர்களுக்குத் திண்டாட்டம். கேட்கக் கேட்கக் கால் துறுதுறுக்கும், ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாது.

இங்கேதான் என்ரிகே ஹொரின் வருகிறார். 1926இல் பிறந்த வயலின் கலைஞர். அர்கான்யோவின் குழுவில் வாசித்துவிட்டு 'ஓர்கெஸ்தா அமேரிகா' என்ற குழுவுக்கு வந்தவர். அவர் மேடையிலிருந்து வயலினை மட்டும் பார்க்கவில்லை, தரையையும் பார்த்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்த விஷயம். தாளம் தள்ளித் தள்ளி வரும்போது கூட்டம் தடுமாறுவதைக் கவனித்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அதனால் மெட்டைத் தட்டின் மேலேயே நேராக உட்கார வைத்தார், தள்ளிப் போடுவதைக் குறைத்தார். இசைக் கலைஞர்களே ஒரே குரலில் சேர்ந்து பாடும் சின்னச் சின்ன வரிகளைச் சேர்த்தார். 1953இல் பனார்ட் என்ற கியூப நிறுவனம் அமேரிகா குழுவின் 'லா எங்கன்யாதோரா' பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. ஏமாற்றுக்காரி என்று பொருள். ஹவானாவில் பிராதோ, நெப்துனோ தெருக்கள் சேரும் முனைக்கு வரும் ஒரு பெண்ணின் கட்டுடலை எல்லா ஆண்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அத்தனையும் உள்ளே வைத்த பஞ்சு. இந்தக் கிண்டல் பாட்டுத்தான் முதல் ச்சா-ச்சா-ச்சாக்களில் ஒன்று.

இனி கொஞ்சம் சர்ச்சைக்குரிய பகுதி. இந்த இசையை உருவாக்கியவர் ஹொரின் என்பதே பரவலான கருத்து. ஆனால் அமேரிகா குழுவின் தலைவர் நினோன் மொந்தேஹார் தன் குழுவுக்கு உரிய பங்கைக் கேட்டார், அந்தப் பூசல் வெகுகாலம் ஓயவில்லை. ஒரு குழு வாரா வாரம் கூட்டத்தின் முன் வாசித்து மெருகேற்றிய விஷயத்தை ஒருவர் பேரில் மட்டும் எழுதுவது எனக்கும் முழுத் திருப்தியில்லை. எழுதியது ஹொரின் என்பதில் மாற்றமில்லை, அவ்வளவுதான்.

பெயர்க் கதையும் அப்படித்தான். ஹொரின் சொன்னது: அவருடைய பாட்டுக்கு ஆடியவர்கள் இரண்டு நீள அடிக்குப் பிறகு மூன்று குட்டி அடிகளைச் சேர்த்துக்கொண்டார்கள், செருப்பு தரையில் உரசும் சத்தம் "ச்சா-ச்சா-ச்சா" என்று கேட்டது, அதையே பெயராக வைத்தார். கரீபியன் தீவுகள் சிலவற்றில் 'ச்சாச்சா' என்று ஒரு கிலுகிலுப்பை உண்டு, பெயர் அதிலிருந்து வந்தது என்று இன்னொரு கதையும் உலவுகிறது. கிலுகிலுப்பை இருப்பது உண்மை. ஆனால் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்பதற்கு நான் படித்தவரை வலுவான ஆதாரம் இல்லை. செருப்புச் சத்தக் கதையையே நான் வகுப்பில் சொல்வேன். மெழுகு போட்ட மரத்தரையில் இருபது பேர் சேர்ந்து ஆடும்போது காதை மட்டும் கொடுத்துப் பாருங்கள், அந்தச் சத்தம் இன்றைக்கும் அச்சாக அப்படித்தான் கேட்கும்.

கியூபாவிலிருந்து வெளியே போனபோது பாட்டும் காலும் வேறு வேறு வழியில் போயின. பாட்டு வேகமாகப் பரவியது. அரகோன் என்ற கியூபக் குழுவின் ரிச்சர்ட் எகுவெஸ் எழுதிய மளிகைக்கடைக்காரன் பாட்டை நாட் கிங் கோல் 1958இல் ஸ்பானிஷ் மொழியிலேயே பாடி வெளியிட்டார். நியூயார்க்கில் டீட்டோ புவெந்தே எழுதிய 'ஓயே கோமோ வா' ஒரு ச்சா-ச்சா-ச்சாதான். 1970இல் சான்டானா குழு அதைக் கிடாரில் வாசித்ததால் பலர் அதை ராக் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலின் கதை வேறு. லண்டனில் லத்தீன் நடனம் கற்பித்த பியர் என்பவர் 1950களின் தொடக்கத்தில் கியூபாவுக்கே போய், உள்ளூர்க்காரர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்தார். அவர் கவனித்தது இரண்டு: முன்னும் பின்னும் வைக்கும் பெரிய அடி ஆவர்த்தனத்தின், அதாவது நாலு தட்டுச் சுற்றின், இரண்டாம் தட்டில் விழுகிறது, நாலாம் தட்டு இரண்டாக உடைகிறது. லண்டனுக்குத் திரும்பி டோரிஸ் லவெல்லுடன் சேர்ந்து அவர் கற்பித்த முறைதான் இன்று போட்டிகளிலும் மெடல் தேர்வுகளிலும் ஆடும் "இரண்டு, மூன்று, நாலு-அண்ட்-ஒன்று". சாம்பா, ச்சா-ச்சா-ச்சா, ரும்பா, பாசோ தோப்ளே, ஜைவ் ஐந்தையும் 'லத்தீன்' என்று ஒரே பெட்டியில் போட்டதும் இந்த பிரிட்டிஷ் வழக்கம்தான். பாசோ தோப்ளே ஸ்பெயின் காளைச் சண்டை வாடை அடிக்கும் நடனம், ஜைவ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்டத்திலிருந்து வந்தது. பெட்டியின் பெயரைப் பார்த்து ஊரை ஊகிக்காதீர்கள்.

அமெரிக்காவில் நடனப் பள்ளிகள் பெருகியபோது சுலபமாக இருக்கட்டும் என்று பல இடங்களில் முதல் தட்டிலேயே பெரிய அடியை வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று-அண்ட்-நாலு. பெயரிலும் ஒரு ச்சாவைக் கழித்து 'ச்சா-ச்சா' ஆக்கிவிட்டார்கள். கல்யாண வீட்டிலும் விருந்திலும் இப்படி ஆடுகிறவர்கள் ஏராளம். அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், தாளத்தோடுதான் ஆடுகிறார்கள். ஆனால் இந்த இசை அப்படி ஆடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், எடுக்காமல் ஓர் இடம் தள்ளி எடுக்கிற கீர்த்தனையை சமத்திலேயே எடுத்துப் பாடுவது மாதிரி. தாளம் தப்பாது, பாட்டின் களை போய்விடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் ஆசிரியர் ஒன்றில்தான் தொடங்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருடம் அப்படியே ஆடி, நன்றாக ஆடுகிறேன் என்ற மிதப்பில், வெண்கல மெடல் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர் பாதிப் பாட்டிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டார். ஸ்டெப் எல்லாம் சரி, தட்டு தப்பு. பழைய பழக்கத்தைக் காலிலிருந்து கழற்ற ஏழு மாதம் ஆனது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே இரண்டில் தொடங்கட்டும் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

சரி, காலுக்கு வருவோம். நீங்கள் ஆண் பக்கத்து ஸ்டெப் ஆடுவதாக வைத்துக்கொள்கிறேன். கால்களைச் சேர்த்து, எடையை இடது காலில் வைத்து நில்லுங்கள். பாட்டின் ஒன்றாம் தட்டில் வலது காலைப் பக்கவாட்டில் வைத்து எடையை அதற்கு மாற்றுங்கள். இது முன்தயாரிப்பு மட்டும், ஒரே தடவைதான் வரும். இரண்டில் இடது காலை முன்னால் வையுங்கள். மூன்றில் எடையை வலது காலுக்குத் திருப்புங்கள். கவனியுங்கள், இங்கே பாதம் இடம் மாறுவதில்லை, எடைதான் பின்னால் போகிறது. நாலில் இடது கால் பக்கவாட்டில், 'அண்ட்'டில் வலது கால் அதை நோக்கிச் சேரும், அடுத்த ஒன்றில் இடது கால் மறுபடி பக்கவாட்டில். இந்த மூன்றும்தான் ச்சா-ச்சா-ச்சா. கடைசி ச்சா அடுத்த ஆவர்த்தனத்தின் ஒன்றில் போய் விழுகிறது என்பதுதான் மொத்த சூட்சுமமும். இனி மறுபாதி: இரண்டில் வலது கால் பின்னால், மூன்றில் எடை இடது காலுக்குத் திரும்பும், நாலு-அண்ட்-ஒன்றில் வலது, இடது, வலது என்று வலப்பக்கம். அவ்வளவுதான் பேஸிக். உங்கள் மனைவி இதன் கண்ணாடிப் பிம்பம்: நீங்கள் இடது காலை முன்னால் வைக்கும்போது அவர் வலது காலைப் பின்னால் எடுப்பார். இருவரும் ஒரே வீடியோவைப் பார்த்து ஒரே காலைப் பழகியிருந்தால் முட்டிக்கொண்டதற்குக் காரணம் கவுண்ட் மட்டும் இல்லை.

எண்களோடு மல்லுக்கட்டுவது சிலருக்கு ஒத்துவராது. பரதம் பழகிய மாணவி ஒருவர் வந்தபோது "தா, தை, தக, தா" என்று சொல்லிப் பார்த்தேன். தா ஒரு தட்டு, தை ஒரு தட்டு, தக இரண்டும் சேர்ந்து ஒரு தட்டு, கடைசி தா ஒன்றாம் தட்டு. ஐந்து அடி, நாலு தட்டு. அன்றிலிருந்து தமிழ் மாணவர்கள் எல்லாருக்கும் இப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டு இதைச் சொல்லிப் பழகுங்கள், காலை அப்புறம் எழுப்பலாம்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. போட்டிகளில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 ஆவர்த்தனம், அதாவது 120 தட்டு. ஒரு தட்டுக்கு அரை வினாடி. நாலும் அண்டும் ஆளுக்குக் கால் வினாடி. அந்தக் கால் வினாடியில் ஒரு பாதம் போய் முழு எடையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படியானால் அந்த அடி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? உங்கள் பாதத்தின் நீளம்கூட அதிகம். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் பிந்துவது கவுண்ட் தெரியாததால் அல்ல, பக்கவாட்டு அடியை அகலமாக வைத்துவிட்டு மற்ற காலை இழுத்துவர நேரம் போதாததால். போன வருடம் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் வகுப்புக்கு வந்தார். நெட்டையான ஆள், ஒவ்வொரு ச்சாவுக்கும் அரை மீட்டர் போவார், மூன்று வாரம் பிந்திக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு செய்தித்தாளை நாலாக மடித்துத் தரையில் ஒட்டி, மூன்று ச்சாவும் இதற்குள்ளேயே நடக்க வேண்டும் என்றேன். அரை மணி நேரம் தாளைக் கிழித்தார், அப்புறம் தட்டுக்குள் வந்துவிட்டார்.

இடுப்பைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை, சந்தோஷம். இடுப்பை ஆட்டக் கூடாது, அது தானாக ஆட வேண்டும். பாதத்தின் முன்பகுதி முதலில் தரையைத் தொட்டு, பிறகு குதிகால் இறங்கும். எடை முழுதாக வந்து சேரும்போது அந்த முழங்கால் நேராகும். மற்ற முழங்கால் தளரும். இதைச் செய்தால் எடை வாங்கிய பக்கம் இடுப்பு தானே சாயும். எடை பாதிதான் போயிருந்தால் எவ்வளவு குலுக்கினாலும் வலிந்து செய்ததாகத்தான் தெரியும். கண்ணாடி முன்னால் மெதுவாகச் செய்து பாருங்கள். டைல்ஸ் தரையில் காலுறையோடு வேண்டாம், வழுக்கும். தோல் அடி வைத்த பழைய ஷூ போதும்.

பேஸிக் பத்து நிமிடம் நிற்காமல் ஓடினால் 'நியூயார்க்' என்ற ஸ்டெப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர்தான் பெரிது. பக்கவாட்டு ச்சா-ச்சா-ச்சா முடிந்ததும் ஒரு கையை விட்டு, கதவு திறப்பது மாதிரி இருவரும் ஒரே பக்கம் திரும்பி, இரண்டில் உள்பக்கத்துக் காலை முன்னால் வைத்து, மூன்றில் எடையைத் திருப்பி, மறுபடி எதிரெதிராக வந்து நாலு-அண்ட்-ஒன்று. அடுத்தது மறுபக்கம். அதற்குப் பிறகு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றும் 'ஸ்பாட் டர்ன்'. மூன்றையும் வைத்து ஒரு முழுப் பாட்டை ஓட்டிவிடலாம். இதற்கு மேல் எழுத்தில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். குறிப்பாகக் கை வழியாகத் துணைக்குச் செய்தி சொல்வதை எந்தப் பதிலாலும் கற்பிக்க முடியாது, யாராவது கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும்.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் அந்த "ஒன்று, இரண்டு, ச்சா-ச்சா-ச்சா" வீடியோ. அதை உடனே தூக்கிப் போட வேண்டாம். சில ஆசிரியர்கள் தட்டின் எண்ணைச் சொல்லாமல் அடியின் எண்ணைச் சொல்வார்கள். அவர்கள் வாயில் வரும் "ஒன்று" பாட்டின் இரண்டாம் தட்டாக இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கண்ணை மூடிக் கேளுங்கள். குவீரோ "சர்ர்ர், சிக்-சிக்" என்று ஒரு நீளம், இரண்டு குட்டையாகச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த சிக்-சிக் ஓர் ஆவர்த்தனத்தில் இரண்டு தடவை வரும், அதை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள். காங்காவைத் தேடுங்கள். கையை அழுத்தாமல் விட்டு அடிக்கும் "டும்-டும்" நாலாம் தட்டிலும் அதன் பாதியிலும் விழும். அதற்கு அடுத்த கனமான இடம்தான் ஒன்று. இப்போது கண்ணைத் திறந்து அந்த ஆசிரியரின் காலைப் பாருங்கள். முதல் இரண்டு ச்சா டும்-டும் மேலேயும் கடைசி ச்சா கனத்த தட்டிலும் விழுந்தால், அவர் இரண்டில்தான் ஆடுகிறார், உங்கள் இரண்டாவது வீடியோவோடு அவருக்குச் சண்டையே இல்லை. அப்படி விழாவிட்டால் அவரிடம் ஸ்டெப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணுவதை மற்றவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.